நாமா, நாங்களா

1998 ஏப்ரல், சனிக்கிழமைப் பிற்பகல். அமெரிக்காவின் எடிசன் ஊரில் நஞ்சுண்டன் வீட்டு பேஸ்மென்ட். உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியே இறங்கும் வெயில் வெள்ளைப் பலகையின் பாதியை மட்டும் தொடுகிறது. பழைய தமிழ்ச் சங்கத்தோடு சண்டை போட்டு வெளியே வந்த சிலர், புதுச் சங்கத்துக்குப் பெயர் தேடுகிறார்கள். மார்க்கரும் கையுமாகப் பலகையருகே கண்மணி நிற்கிறாள். அவளுடைய அக்கா பழைய சங்கத்திலேயே இருந்துவிட்டாள். பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஓசை குறைத்த டிவியில் அயர்லாந்து சமாதான ஒப்பந்தச் செய்தி. நெடுஞ்செழியன் அதைப் பார்த்தபடி சொல்கிறார்: “ஷின் ஃபேன்னு அங்க ஒரு கட்சி. லண்டன் தயவு வேணாம், சொந்தக் கால்ல நிக்கணும்னு வச்ச பேராம். ‘வீ அவர்செல்வ்ஸ்’னு அர்த்தம். ஆபீஸ்ல டெக்லன் எக்ஸ்பிளெயின் பண்ணான். ‘நாங்க மட்டும்’னு சொல்றது தப்பாம், அந்த ‘மட்டும்’ அதுல கெடையாதாம்.”

“நல்லாருக்கு. ‘நாங்களே’ன்னு எழுதுங்க கண்மணி,” என்கிறார் நஞ்சுண்டன்.

மார்க்கர் பலகையைத் தொட்டு நிற்கிறது. “நாங்களேவா, நாமேவா?”

“அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்,” என்கிறார் நெடுஞ்செழியன். “கேக்கறவங்களும் சேத்தியான்னு அதுல தெரியாது.”

கண்மணி ‘நாமே’ என்று எழுதுகிறாள்.

“அப்ப பழைய சங்கத்துக்காரங்களையும் சேத்த மாதிரி ஆயிடுமேம்மா,” என்கிறார் நஞ்சுண்டன்.

“ஆமாண்ணா. எங்க அக்கா அங்கதான இருக்கா.”

நஞ்சுண்டன் டஸ்டரை எடுக்கிறார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மேசைமேல் வைக்கிறார்.

கண்மணி மார்க்கரை மூடுகிறாள். “அண்ணா, ஒரு கால் பண்ணணும். போன் மாடியிலதான இருக்கு?”