குறி தப்பாத கை

“கப்பை எல்லாம் தொடாதீங்க சார். அது காலேஜ் சொத்து.”

ஸ்டோர்கீப்பர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் கோச்சின் முகம் சுண்டிப் போயிற்று. கப்பை எடுத்துப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. போகிற நாளில் ஒரு தடவை தூசி துடைத்து வைக்கலாம் என்றுதான் கையில் எடுத்தார். அதை விளக்கப் போனால் இன்னும் அசிங்கமாகிவிடும் என்று பேசாமல் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அந்த அலமாரியில் இருக்கிற அத்தனை கப்பும் அவர் காலத்தில் வந்தவைதான். இந்தப் பெண்கள் கல்லூரிக்கு பாஸ்கெட்பால் கோச்சாக அவர் வந்து சேர்ந்தபோது அவர் தலை நிறைய முடி இருந்தது, மைதானம் நிறையப் புல் இருந்தது. புல்லைச் செதுக்கி, தரை போட வைத்து, பந்தைக் கண்டாலே ஒதுங்கி ஓடிய பெண்களை விரட்டி விரட்டி ஆட வைத்தார். ஆனால் கொஞ்ச வருஷமாக அலமாரிக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. “இந்தத் தடவையும் கப் இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்” என்று முதல்வர் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பைனல் வரை வந்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒரே ஒரு பாயிண்ட் குறைவு. எதிரணிப் பெண் இடித்துவிட்டதால் இவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. குறுக்கே யாரும் வர முடியாது. கோட்டில் நின்று நிதானமாகப் போட வேண்டியதுதான். போட வந்தவள் பூசணி. தூக்கத்தில் எழுப்பிப் போடச் சொன்னாலும் வளையத்துக்குள் போடுகிறவள் அவள்.

இரண்டு பந்தும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன.

பூசணி என்பது அவர் வைத்த பெயர். அணியில் எல்லோருக்குமே அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார். சுருக்கென்று தைத்தால்தான் ரோஷம் வரும், ரோஷம் வந்தால்தான் ஆட்டம் வரும் என்பது அவர் கணக்கு.

இப்போது அவரை அரித்துக்கொண்டிருந்தது தோல்வி அல்ல. பைனலுக்கு முன்னால் பெண்களைச் சுற்றி நிற்க வைத்து, “இன்னிக்குத் தோத்தீங்கன்னா என் வேலை போயிடும். என் வயித்துல அடிச்சிடாதீங்க” என்று சொன்னாரே, அதுதான். இத்தனை வருஷம் விரட்டி வேலை வாங்கிவிட்டு, கடைசியில் பிள்ளைகளிடம் கையேந்தியது போல ஆகிவிட்டது. அந்தப் பாரத்தைத் தலையில் வைத்ததால்தானே அவளுக்குக் கை நடுங்கியது என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்திகூட அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல பிள்ளைகள்.

பழைய ஷூ, துண்டு, விசில் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். மைதானத்தில் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாமல் குனிந்த தலையோடு கடந்து போனார்.

“சார்.”

கேட் அருகே மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள் பூசணி.

“பையைக் குடுங்க சார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்.”

“வேண்டாம்மா.”

அவளிடம் ‘அம்மா’ என்று பேசியது அவருக்கே புதிதாக இருந்தது. அவளும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“அழுதியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“நான்தாம்மா அழணும். முன்னே ஒரு தடவை உங்கம்மா ஆட்டம் பார்க்க வந்திருந்தாங்க. அவங்க முன்னாலயே ‘பந்தைவிட உங்க பொண்ணுதான் உருண்டையா இருக்கா’ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப எனக்கு அது ஜோக்கா தெரிஞ்சுது.”

“அதுக்கப்புறம் அம்மா ஆட்டம் பார்க்க வரவே இல்ல சார்.”

அவர் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். “ஒரு நாள் காய்ச்சல்னு சொன்ன. நடிக்கறேன்னு சொல்லி மைதானத்தைச் சுத்தி ஓட விட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்படி இருந்தாதான் நல்ல கோச்சுன்னு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சுடும்மா. உன்னை மாதிரி ஒரு கை என் சர்வீஸ்லயே எனக்குக் கிடைச்சதில்ல. அதை ஒரு நாள்கூட உன் காதுல போட்டதில்ல.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“என் வேலை போனதுக்கு நீ காரணம்னு மனசுல வெச்சுக்காதே. தப்பு என்னோடது. வேலை போயிடும் அது இதுன்னு நான் பயமுறுத்தினதாலதான் உனக்குக் கை நடுங்கிடுச்சு.”

“கை நடுங்கல சார்.”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப பேசின மாதிரி ஒரே ஒரு நாள் பேசியிருந்தீங்கன்னா, அந்த ரெண்டையும் உள்ளேயே போட்டிருப்பேன்.”