கறுப்பு வட்டம்

முட்டையிட ஒரு மண்வீடு கட்டித்தரச் சொல்லி, கூலி பத்துப் புழு என்று பல்லி குளவியிடம் பேசியிருந்தது. வீடு முடிந்ததும், "நாலு நாள் தாமதம். கூலியில நாலு புழுவைக் கழிச்சுக்கிட்டுத்தான் தருவேன்," என்றது.

பத்தும் வந்தால்தான் குளவியின் பிள்ளைக்கு வயிறு நிறையும். "பாதி வேலையில வாசலை மேற்கே மாத்தச் சொன்னது நீங்கதானேம்மா? அதுக்குத்தான் நாலு நாள்."

"நானா? எப்போ சொன்னேன்?"

குளவி கிழக்குச் சுவரைக் காட்டியது. சுவர் முழுக்கச் செம்மண். பழைய வாசலை அடைத்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கரிசல் மண்.

பல்லி குரலைத் தாழ்த்தியது. "சரி சரி, முதல்ல சுவரு பூரா ஒரே நிறமாப் பூசிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"பத்துப் புழுவும் வரட்டும்மா, பூசறேன்," என்று சொல்லிவிட்டு, குளவி அந்தக் கறுப்பு வட்டத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டது.