ஐம்பது டிகிரி

ஃபென்னா மறுபடியும் ஆய்வகத்து இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள்.

"அடுப்புல ஆப்பிள் கேக்கா வெச்சிருக்க? பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி எட்டிப் பாக்குறியே!" என்றான் பக்கத்து மேசை வீபே.

"உன் ரெண்டு கிட்னியில ஒண்ண அந்த ஆளுக்குக் குடு. நான் பேசாம உக்காந்துக்கிறேன்."

அந்த ஆள், ஃப்ரீஸ்லாந்துக் கால்வாய் ஒன்றில் பாலத்தைத் தூக்கி இறக்குபவன். எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டவன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிழைத்திருப்பவன். அவன் நுரையீரலிலிருந்து எடுத்த சளியில் பூஞ்சை இருந்தது.

எந்தப் பூஞ்சை என்பதுதான் கேள்வி.

நுண்ணோக்கியின் கீழ் இரண்டு இனங்கள் இரட்டையரைப் போல நிற்கும். ஒன்று வழக்கமான மாத்திரைக்கு மடியும். மற்றது மடியாது, அதற்குரிய மருந்து சிறுநீரகத்தையும் சேர்த்துத் தின்னும்.

மரபணுச் சோதனையின் விடை வர இன்னும் நான்கு நாள். மருந்தையோ இன்றே தொடங்கியாக வேண்டும். கையில் இருந்த சாட்சி வெப்பம் ஒன்றே. இன்குபேட்டரை ஐம்பது டிகிரியில் வைத்தால் முதலாவது வளரும், இரண்டாவது வளராது. சூடு குறைந்தால் இரண்டுமே வளரும்.

வளர்ந்துவிடு, வளர்ந்துவிடு என்று ஒரு பூஞ்சையிடம் இரண்டு நாளாக மன்றாடிக்கொண்டிருந்தாள். உட்கார முடியவில்லை. காப்பி ஆறிப்போனது. கதவு, மேசை, மீண்டும் கதவு.

இப்போது உள்ளே, சளியைத் தடவி வைத்த கண்ணாடித் தட்டின் நடுவில் மெல்லிய பச்சை வளையம்.

"வந்திருச்சு!"

அவள் கத்தியதில் வீபேயின் பிஸ்கட் கீழே விழுந்தது.

அந்த ஆளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ரென்ஸ்கேயைத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கையிலேயே, முடிவுத்தாளோடு இணைத்தாக வேண்டிய, இன்குபேட்டரின் இரண்டு நாள் வெப்பப் பதிவை அச்சிட்டாள்.

தாளில் கோடு ஐம்பதில் நிற்கவில்லை. சரிந்தது, ஏறியது, ஏறி முடிப்பதற்குள் மீண்டும் சரிந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. நாற்பத்து மூன்று.

அது ஆடாமல் அசையாமல் ஓடியது, அவள் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு இரவுகளில் மட்டுமே.

"சொல்லு ஃபென்னா, வளந்துச்சா?" ரென்ஸ்கேயின் குரலில் மூச்சு வாங்கியது. "மாத்திரைய கையிலயே வெச்சிருக்கேன்."

"குடுத்துராத, ரென்ஸ்கே," என்றாள் ஃபென்னா. "அது வளரல. நான் வளத்துட்டேன்."