வெளியிலிருந்து வந்த டிஸ்க்

அந்தச் சிவப்பு ரேஸ் காருக்கு வெளிக்கடையில் புது பிரேக் டிஸ்க் வாங்கி மாட்டினார்கள். அன்றிலிருந்து பிரேக்கை மிதித்தால் கார் கிடுகிடுவென்று நடுங்கியது, கிறீச்சென்று கத்தியது.

"காரோட வந்த டிஸ்க் இருந்தவரைக்கும் ஒரு சத்தம் உண்டா?" என்றது சக்கரத்தின் நடுவில் டிஸ்க்கைத் தாங்கியிருந்த பழைய ஹப். "வெளியிலிருந்து வந்ததெல்லாம் இப்படித்தான்."

"நான் ஒட்டித்தான் உட்காரப் பார்க்கிறேன் அண்ணே. முதுகுல ஏதோ உறுத்துது" என்றது டிஸ்க்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

மெக்கானிக் தாவூத் டிஸ்க்கைக் கழற்றி, லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி மாட்டினார். நடுக்கம் போகவில்லை. மறுபடி சீவினார். டிஸ்க் மெலிந்துபோனதுதான் மிச்சம்.

"இன்னொரு தடவை சீவினா காயலான் கடைதான்" என்றார்.

"வலிச்சா சொல்லு, மெதுவாப் பிடிக்கிறேன்" என்றது பக்கத்தில் இருந்த பிரேக் பேட். டிஸ்க்குக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் முறை கழற்றியபோது தாவூத்தின் விரல் தற்செயலாக, டிஸ்க்கின் முதுகு ஒட்டி உட்காரும் ஹப்பின் முகத்தில் பட்டது. அங்கே அரிசி அளவுக்கு ஒரு துருக்கட்டி. கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார்.

கார் வேகமெடுத்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தார். நடுக்கமும் இல்லை, சத்தமும் இல்லை.

ஹப் பெருந்தன்மையோடு சொன்னது: "பரவாயில்லையே, ரெண்டு தடவை சீவினதும் திருந்திட்டியே!"