குளியலறையில் வெந்நீர் வரவில்லை

"நீ வீட்டுக்குப் போ அஸ்லாக். பம்ப்பை நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அஸ்லாக்கின் கையிலிருந்த டீசல் குழாய் கீழே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. பம்ப்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

காலையிலிருந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தாள், பாவம். பக்கத்து ஐஸ் ஆலையில் எனக்கு இன்று அதிக வேலையில்லை. அவளுடைய பம்ப்பையும் சேர்த்துக் கவனிக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. சொன்ன விதம்தான் தப்பு.

எங்கள் துறைமுகத்தில் கடலில் நடந்த கெட்டதை யாரும் நேராகச் சொல்வதில்லை. கூட வேலை செய்கிற ஒருவர் வந்து, கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்வார். வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன் என்பார். வீட்டில் பாதிரியார் காத்திருப்பார்.

இங்கே வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. நான் கடலே தெரியாத பள்ளத்தாக்கில் ஆடுகளோடு வளர்ந்தவள். அங்கே வீட்டுக்குப் போ என்றால், போய்ப் படுத்துத் தூங்கு என்று அர்த்தம். அவ்வளவுதான்.

"ஐயோ, அதில்லடி! உன் இருமலுக்காகச் சொன்னேன். சத்தியமா இருமலுக்குத்தான்!"

அஸ்லாக்குக்கு மூச்சு வந்தது. எண்ணெய்ப் பிசுக்குக் கையுறையாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆட்டுக்காரி! ஒரு நிமிஷத்துல என் உசுரே போயிருச்சேடி!"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

வடமேற்கிலிருந்து அடிக்கிற காற்று நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. ஈரப்பனி முகத்தில் அறைந்தது. காட் மீன் பருவம் என்பதால் எல்லாப் படகுகளும் விடியும் முன்பே போயிருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, மீனை இறக்கி, டீசல் போட்டுக்கொண்டு, கயிறு கட்டி நின்றுவிட்டன.

அவள் புருஷன் ஸ்வேரேயும் என் எல்லிங்கும்தான் பாக்கி. தனித்தனிப் படகு, ஆளுக்கொரு திசை. ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"முனைக்குப் பின்னால ஒதுங்கியிருப்பாங்க," என்றாள் அஸ்லாக்.

"ஆமா, ஒதுங்கியிருப்பாங்க," என்றேன்.

பயம் வந்தால் என் மனம் ஏதாவது சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். இன்றைக்கு வெந்நீர். எல்லிங் நனைந்து விறைத்துப்போய் வருவான். படகைக் கட்டியதும் நேரே துறைமுகக் குளியலறைக்குத்தான் ஓடுவான். அங்கே காலையிலிருந்து குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. திட்டு எனக்குத்தான் விழும்.

அஸ்லாக் என் சட்டைக்கையை இறுகப் பிடித்தாள்.

"மாக்னே நடந்து வர்றாருடி."

துறைமுகப் பொறுப்பாளர் மாக்னே நடக்கிற ஆளில்லை. நாலு எட்டில் இருக்கும் கழிவறைக்குக்கூட மீன்பெட்டி தூக்கும் வண்டியில்தான் போவார். அதைச் சொல்லி அவரை நாங்கள் கேலி செய்யாத நாளே கிடையாது.

இன்று நடந்து வந்தார். மெதுவாக வந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். குளியலறையில் வெந்நீர் வரவில்லை, கொதிகலனை யாரும் பார்க்கவில்லை, ஆள் அனுப்பச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்று கத்தினேன்.

யாரையும் முழுசாகப் பேசவிடாதவர், கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அஸ்லாக்கின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

ஸ்வேரே என்று நினைத்தேன். அப்பாடா, எல்லிங் இல்லை என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்காக உடனே என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது. அவள் விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

அவள் விழவில்லை. டீசல் குழாயைக் கொக்கியில் மாட்டினாள். கையுறைகளைக் கழற்றினாள். என் முன்னால் வந்து நின்று, என் கழுத்தில் தொங்கிய ஐஸ் ஆலைச் சாவியைத் தலைவழியாக மெல்ல எடுத்தாள். கயிறு முடியில் சிக்கியது. பொறுமையாக விடுவித்தாள்.

"வீட்டுக்குப் போடி கண்ணு. ஐஸை நான் பாத்துக்கறேன்."

நான் மாக்னேயின் பக்கம் திரும்பினேன். குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.