வாசிக்கிறானா, நடிக்கிறானா?

இருட்டு அரங்கின் திரையில் சனிக் கிரகம் ஆடி அசைந்து நகர்கிறது. மேடையில், என் மகள் கட்டிக்கொள்ளத் துடிக்கும் பையன் மேசை நிறைந்த மின்னிசைக் கருவிகளின் குமிழ்களில் ஒன்றைத் திருகுகிறான். ஒலிபெருக்கியில் அரை யுகமாக ஒரே ரீங்காரம். முப்பத்தெட்டு வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்த காது இது, ஏமாறுமா? "இது ஏற்கெனவே பதிவு பண்ணினதும்மா. சும்மா திருகுற மாதிரி நடிக்கிறான்" என்கிறேன் மகளிடம். "நேர்லதான் வாசிக்கிறார்ப்பா. பேசாம கேளுங்க." "ஏமாத்துறவனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்." திரையின் மஞ்சள் வெளிச்சத்தில் அவள் கண் கலங்குவது தெரிகிறது. மேடை விளிம்பில் ஒரு மைக் வேறு எங்களைப் பார்த்து நிற்கிறது. யாருமே பாடாத கச்சேரிக்கு மைக் எதற்கு? அந்த நேரம் பார்த்து என் மூக்கு அரிக்கிறது. கூரையே ஒரு முழம் எழும்பி உட்காரும்படி தும்முகிறேன். நானூறு தலைகள் திரும்புகின்றன. அவன் மட்டும் நிமிராமல் இன்னொரு குமிழைத் தொடுகிறான். நாலு மூச்சு கழித்து அதே தும்மல், யானையின் பெருமூச்சாக நீண்டு, ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டுச் சனியின் வளையங்களைச் சுற்றி உருள்கிறது. மகள் என் கையை இறுகப் பிடிக்கிறாள். "இப்பவாவது நம்புறீங்களாப்பா?" "ஒரு தடவைன்னா தற்செயலா இருக்கலாம்மா" என்றபடி கைக்குட்டையின் நுனியை முறுக்கி, மெல்ல மூக்கருகே கொண்டுபோகிறேன்.