கன்னியம்மாள் வீடு

படியேறி ஓடிவந்த வளவன் கதவைச் சாத்தினான்.

“தென்றல், நம்ம கல்யாண போட்டோவைக் கழட்டு. சீக்கிரம்!”

“என்னாச்சுங்க?”

“செக்கிங் வருது. கவர்மென்ட் யாருக்கு வீடு குடுத்துச்சோ அவங்கதான் குடியிருக்காங்களான்னு பாக்குறாங்க. நாம வாடகைக்கு இருக்கோம்னு தெரிஞ்சா பூட்டிடுவாங்க. வீட்டுக்காரம்மா கன்னியம்மா எங்க?”

“பௌர்ணமி ஆச்சே! அடி அண்ணாமலையில கிரிவலம் போறவங்களுக்குக் கடை போட்டிருக்கும். கூப்பிட்டா வராது.”

“அப்போ நீதான் அவங்க பொண்ணு. அம்மா கடைக்குப் போயிருக்குன்னு சொல்லு. எம் பேரை மட்டும் எடுக்காத.”

அவள் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“வர்ற ஆபீசர் கால்ல விழுந்தா விட மாட்டாராங்க?”

“போன வாரம் எதிர் பிளாக்குல ஒரு புள்ளத்தாச்சி விழுந்தா. பூட்டிட்டுத்தான் போனான்.”

“அவனெல்லாம் ஒரு மனுசனா!”

வளவன் கதவைத் திறந்து வெளியே போனான்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தென்றல் படபடப்போடு திறந்தாள்.

வாசலில் நான்கு பேர். முன்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு, வளவன்.

அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

“கன்னியம்மாள் வீடு இதுதானே? நீங்க யாரும்மா?”